மகள் வெளியூர்க் கம்பஸுக்குப் போகக் கேட்கிறாள், இவர் விடமாட்டேன் என்கிறார்

நீர்வேலியாள் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான்கு நாளாக வீட்டில் யாரும் யாரோடும் வடிவாகக் கதைப்பதில்லை. எனக்கு வேறு எங்கே கேட்பது என்று தெரியவில்லை. சொந்தக்காரரிடம் கேட்டால் நாளைக்கே ஊர் முழுக்கப் பரவிவிடும்.

நாங்கள் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிறோம். நான், இவர், என் அம்மா, இரண்டு பிள்ளைகள். மூத்தவள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிறாள். வெளியூரில் இருக்கிற வாட்டர்லூப் பல்கலைக்கழகத்தில் கணினிப் பொறியியலுக்கு இடம் கிடைத்திருக்கிறது. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்திலும் கணினி விஞ்ஞானத்துக்கு இடம் கிடைத்திருக்கிறது. அது வீட்டிலிருந்து ஒரே பஸ், இருபத்தைந்து நிமிடம். ஜூன் தொடக்கத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். அவளுக்கு வாட்டர்லூதான் வேண்டும், ஒன்பதாம் வகுப்பிலிருந்தே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். நாங்கள்தான் சின்னப்பிள்ளைக் கதை என்று காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இவர் ஒரே பிடி. "பொம்பிளைப் பிள்ளையைத் தனிய விட்டிட்டு எனக்கு இங்க நித்திரை வராது" என்று ஒரு தரம் சொன்னார், அதற்குப் பிறகு அந்தக் கதையை எடுத்தாலே எழும்பிப் போய்விடுகிறார். காசும் ஒரு பிரச்சினைதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் காசு காரணமில்லை என்று எனக்குத் தெரியும். அவள், "நீங்கள் என்னை நம்பவில்லை, அவ்வளவுதான்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அம்மா தேத்தண்ணியை வைத்துக்கொண்டு கதவடியில் நின்றுகொண்டே இருந்தா. தட்டவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை. தேத்தண்ணி ஆறி ஆடை கட்டியபிறகுதான் கொண்டுவந்து சிங்கில் ஊற்றினா.

இனி நான் யாருக்கும் சொல்லாத விஷயம். 1995 ஒக்டோபர் 30ஆம் தேதி இரவு, யாழ்ப்பாணத்தில் ஆமி முன்னேறி வர வலிகாமம் பகுதிச் சனம் முழுக்க வெளிக்கிட்டபோது, நாங்களும் நீர்வேலியிலிருந்து நடந்தோம். மழை. நாவற்குழிப் பாலத்தடியில் ஒரு அடி எடுத்து வைக்க எவ்வளவு நேரம் நின்றோம் என்று எனக்குக் கணக்கில்லை. சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டு மாதம். அடுத்த வருடத் தொடக்கத்தில் அம்மா தன் தாலிக்கொடியை விற்று, வாழைத்தோட்டக் காணியை ஈடு வைத்து, என்னை வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஒரு ஏஜென்சிக்காரரோடு அனுப்பினா. கிளாலிக் கடல், வன்னி, வவுனியாவில் கொழும்புக்குப் போக பாஸ் (அனுமதி) கிடைக்கும்வரை முகாம், கொழும்பில் லொட்ஜ். அதற்குப் பிறகு இரண்டு நாடு. ரொறன்ரோவில் வந்து இறங்க ஏழு மாதம். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. இடையில் நான்கு மாதம் நான் உயிரோடு இருக்கிறேனா என்றே அம்மாவுக்குத் தெரியாது.

அந்த அம்மாதான் இப்போது "குமர்ப்பிள்ளையைத் தனிய விடக்கூடாது" என்று இவரோடு சேர்ந்து நிற்கிறா. எனக்குத் தாங்கவில்லை. "என்னை எப்படியம்மா அனுப்பினீங்கள்?" என்று கேட்டுவிட்டேன். அம்மா என்னை நிமிர்ந்து பார்த்து, "உன்னை நான் படிக்கவே அனுப்பினனான்? உயிர் தப்பத்தானே அனுப்பினனான்" என்றா. அதற்குமேல் எனக்குக் கதை வரவில்லை.

ஒன்றரை மணி நேரக் கார் ஓட்டம். 401 நெடுஞ்சாலையில் நெரிசல் என்றால் இரண்டரை மணி. அவ்வளவுதான் தூரம். எனக்கு உள்ளுக்குள் அவள் போகட்டும் என்றுதான் இருக்கிறது. போனபிறகு அந்த அறையைப் பார்க்கவும் பயமாக இருக்கிறது. உங்கள் வீடுகளில் என்ன செய்தீர்கள்? அனுப்பியவர்கள், அனுப்பாதவர்கள் இரண்டு பேரும் சொல்லுங்கள்.

---

கந்தர்மடத்தான் எழுதியது:

தங்கச்சி, நாங்கள் விடவில்லை. மகளுக்கு லண்டனிலும் (இங்கத்தைய லண்டன்) இடம் வந்தது. ஸ்காபரோ வளாகத்தில்தான் படித்தாள். படிப்பு முடிந்தபோது ஒரு சதம் கடன் இல்லை. ரெசிடென்ஸும் (கம்பஸ் விடுதி) சாப்பாடும் சேர்ந்தால் வருடத்துக்குப் பத்தாயிரம் டொலருக்கு மேலே போகும், அதை நான்கால் பெருக்கிப் பாருங்கள். வீட்டில் இருந்து படிப்பது ஏதோ நாங்கள் மட்டும் செய்கிற பிற்போக்கு வேலை என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். என் மகளோடு படித்த இத்தாலியப் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள், போர்த்துக்கேயப் பிள்ளைகள் எத்தனையோ பேர் வீட்டிலிருந்துதான் வந்தார்கள்.

அவள் இன்றைக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கிறாள். அம்மம்மா கடைசியாகப் படுக்கையில் இருந்த வருடம் அவள் வீட்டில் இருந்தாள், அந்த வருடத்தைக் காசு கொடுத்து வாங்க ஏலாது. உங்கள் கணவரைக் கொடுமைக்காரர் மாதிரி யாரும் எழுத வேண்டாம் என்றுதான் முதல் ஆளாக வந்து எழுதுகிறேன்.

---

மார்க்கம் அப்பா எழுதியது:

கந்தர்மடத்தான் அண்ணை சொல்வது அவர் வீட்டுக்குச் சரி. என் வீட்டில் நடந்தது வேறு, அதையும் கேளுங்கள்.

மூத்த மகனை நானும் வெளியே விடவில்லை. அவனுக்குக் கிடைத்தது நகரத்துக்குள்ளேயே இருக்கிற கம்பஸ், ஆனால் பஸ், பிறகு சப்வே, திரும்பவும் ஒரு பஸ். ஒரு வழிக்கு ஒன்றேமுக்கால் மணி நேரம். காலை ஆறரைக்கு வெளிக்கிட்டால் இரவு எட்டு மணிக்கு வருவான். சாப்பிட்டுவிட்டு அறைக்குள் போவான். நான் ஹோலில் இருந்து செய்தி பார்த்துக்கொண்டு, பிள்ளை மேலே படிக்கிறான் என்று மனது நிறைந்து இருப்பேன். மூன்று செமஸ்டர் அப்படிப் போனது. இரண்டாம் வருட நடுவில் ஒரு நாள் மனைவி அவனுடைய ஜக்கெட்டைத் தோய்க்க எடுக்கும்போது பொக்கெட்டில் ஒரு கடிதம் கிடந்தது. நான்கு பாடம் போய்விட்டது, இடைநிறுத்தப் போகிறார்கள்.

அடுத்த நாள் கம்பஸ் அலுவலகத்துக்கு ஃபோன் பண்ணினேன். மகனுடைய எழுத்துமூல அனுமதி இல்லாமல் உங்களோடு எதுவும் கதைக்க முடியாது என்றார்கள். நான்தான் காசு கட்டுகிறேன் என்றேன், அதற்கும் அதே பதில்தான். இங்கே தனியுரிமைச் சட்டம் அப்படி, பிள்ளை சம்மதித்தால் மட்டும்தான் தாய் தகப்பனுக்குச் சொல்வார்கள். எனக்கு அன்றைக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல. எங்கள் ஊரில் நான் ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்குக் கட் அடித்தால், பின்னேரம் அதிபர் சந்தையில் அப்பாவைக் கண்டு சொல்லிவிடுவார். வீட்டுக்கு வந்து சேர முதல் அடி காத்திருக்கும். நான் அந்த ஒழுங்கை நம்பிக்கொண்டு இந்த நாட்டில் இருந்திருக்கிறேன். பிள்ளை கண்ணுக்கு முன்னால் இருந்தால் எனக்கு எல்லாம் தெரியும் என்று. என் கூரைக்குக் கீழே, என் படுக்கையறைக்கு அடுத்த அறையில் இருந்த பிள்ளை ஒன்றரை வருடம் தனியாகத் தவித்திருக்கிறான், எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது மகளை கிங்ஸ்டனுக்கு அனுப்பினோம். அது வாட்டர்லூவைவிடத் தூரம். அவள் வாரத்தில் இரண்டு தரம் தானே ஃபோன் எடுத்துப் பரீட்சை பிழைத்தது, அறைத்தோழியோடு சண்டை, காய்ச்சல் எல்லாம் சொல்வாள். அவன் சொல்லவில்லை, அவள் சொன்னாள். அதற்குத் தூரம் காரணமா, அண்ணனைக் கண்டு நாங்கள் மாறியது காரணமா, எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை.

காசு விஷயம். பிள்ளைகள் பேரில் கல்விச் சேமிப்புக் கணக்கு போட்டீர்களா? வருடம் 2,500 டொலர் போட்டால் அரசு 500 போடும், ஒரு பிள்ளைக்கு மொத்தம் 7,200 வரை. அதை ஃபீஸுக்கு மட்டும் இல்லை, அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் எடுக்கலாம். ஓசாப் என்கிற மாகாண அரசின் மாணவர் உதவியில் பெற்றோரின் வருமானம் பார்ப்பார்கள், வீட்டிலிருந்து படிக்கிற பிள்ளையைவிட வெளியே தங்குகிற பிள்ளைக்குச் செலவைக் கூட்டித்தான் கணக்குப் போடுவார்கள். அப்புறம், வாட்டர்லூ பொறியியலில் கோ-ஒப் கட்டாயம். மாறி மாறி நான்கு மாதம் படிப்பு, நான்கு மாதம் சம்பளத்தோடு வேலை. வேலை ரொறன்ரோப் பக்கம் கிடைத்தால் அந்த நான்கு மாதமும் வீட்டில்தான் நிற்பாள். இதை உங்கள் கணவருக்குச் சொன்னீர்களா? நான்கு வருடம் முழுக்கப் போய்விடுவாள் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கலாம்.

---

ஈரோட்டுக்காரன் எழுதியது:

நான் நியூ ஜெர்சியில் இருக்கேன், தமிழ்நாடு. ஒரே ஒரு விஷயம் சொல்லிக்கிறேன். "நம்ம கலாச்சாரத்தில் பிள்ளையைத் தனியா விடமாட்டோம்" என்று இங்கேயும் எல்லாரும் சொல்றாங்க. எங்க ஊர்ப்பக்கம் பதினொன்றாம் வகுப்புக்கே நாமக்கல் பக்கம் விடுதிப் பள்ளியில் கொண்டுபோய் விடுவார்கள். பொண்ணு, பையன் இரண்டு பேரையும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாக்கள் தூக்குப்போசியில் கறிக்குழம்பு எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போய், பள்ளி மைதானத்து மரத்தடியில் உட்கார்ந்து ஊட்டிவிட்டு வருவார்கள். என் தங்கை பதினைந்து வயதில் அப்படித்தான் போனாள், பிறகு கல்லூரிக்கு சென்னை விடுதி. யாரும் கலாச்சாரம் கெட்டுப்போச்சு என்று சொன்னதில்லை.

அதனால் அக்கா, இது தமிழர் பழக்கம், வெள்ளைக்காரர் பழக்கம் என்கிற சண்டையே இல்லை என்று எனக்குத் தோணுது. விடுதிக்கு அனுப்பியபோது வார்டனைத் தெரியும், பக்கத்து ஊர்க்காரர் பிள்ளையும் அங்கே படிக்கும், ஏதாவது ஒன்று என்றால் சொல்ல ஆள் உண்டு. இங்கே அந்த ஆள் இல்லை. உங்கள் வீட்டுக்காரருக்கு வாட்டர்லூவில் ஒரே ஒரு தமிழ்க் குடும்பத்தைத் தெரிந்திருந்தால் அவர் இவ்வளவு பயப்படுவாரா?

---

இங்கே பிறந்தவள் எழுதியது:

அக்கா என்று சொல்லவா அன்ரி என்று சொல்லவா தெரியவில்லை, எனக்கு 31 வயது, ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்தேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்த தமிழ், பிழை இருந்தால் மன்னியுங்கள்.

நான் உங்கள் மகளின் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என்னை விடவில்லை. நான் சண்டை பிடிக்கவும் இல்லை, சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. ஒன்பது வயதிலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிற எல்லாக் கடிதத்தையும் வாசித்துச் சொன்னது நான். வங்கி, வரி, மின்சாரம், அப்பாவின் தொழிற்சாலைக் காப்புறுதி. ஃபோன் கம்பனியோடு சண்டை பிடிக்க வேண்டும் என்றால் அம்மா எனக்குப் பக்கத்தில் நிற்பா, நான் அம்மாவின் பெயரைச் சொல்லி, அம்மாவின் பிறந்த தேதியைச் சொல்லி, குரலைக் கொஞ்சம் தடிப்பாக்கிக் கதைப்பேன். அம்மம்மாவோடு டொக்டரிடம் போய், பத்து வயதில் எனக்கே விளங்காத வருத்தங்களை, தமிழில் சொல் தெரியாமல், கையால் வயிற்றைக் காட்டி விளங்கப்படுத்தி இருக்கிறேன். அப்பாவின் இதயத்துக்கு வால்வு மாற்ற வேண்டும் என்பதை அப்பாவுக்கு முதல் சொன்னது நான்தான். எனக்குப் பதின்மூன்று வயது. டொக்டர் சொன்ன ஒரு வரியை நான் சொல்லாமல் விட்டேன். அது என்ன என்று இன்றைக்கும் அவர்களுக்குத் தெரியாது.

பதினெட்டு வயதில் வேறு ஊருக்குப் போகலாமா என்று யோசித்தபோது என் தலைக்குள் முதலில் வந்தது, இனி கடிதத்தை யார் வாசிப்பது என்பதுதான். அதனால் பேசாமல் இருந்துவிட்டேன். வீட்டிலிருந்து படித்தேன், ஐந்து மணிக்கு முடிகிற லாபை எட்டு மணி வரைக்கும் இருக்கிறது என்று பொய் சொன்னேன், அந்த மூன்று மணி நேரம்தான் எனக்கென்று இருந்தது. ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. நூலகத்தில் இருந்து சினேகிதிகளோடு கதைத்துக்கொண்டிருப்பேன். ஆனால் ஒவ்வொரு நாளும் பொய் சொல்லிவிட்டு அம்மாவின் கையால் சாப்பிடுவது எவ்வளவு கஷ்டம் என்று தெரியுமா.

உங்கள் மகள் கேட்கிறாள். வாயைத் திறந்து, கதவைச் சாத்தி, கோபப்பட்டுக் கேட்கிறாள். அதை நல்ல விஷயமாகத்தான் நான் பார்க்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். நாவற்குழிப் பாலம், ஏழு மாதப் பயணம், இதெல்லாம் அவளுக்குத் தெரியுமா? எங்கள் வீட்டில் "நாங்கள் அங்கே எவ்வளவு கஷ்டப்பட்டோம்" என்று ஒரு வசனம் இருந்தது. நான் குறைந்த புள்ளி எடுத்தால் வரும், சாப்பாட்டை மிச்சம் விட்டால் வரும், சப்பாத்து வாங்கக் கேட்டால் வரும். அந்த வசனத்துக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. எந்த ஊர், எந்த வருடம், யார் கூட இருந்தார்கள், என்ன சாப்பிட்டார்கள். 2009 மே மாதம், இலங்கையில் போரை நிறுத்தச் சொல்லி ரொறன்ரோவின் கார்டினர் நெடுஞ்சாலையை எங்கள் ஆட்கள் மறித்து இருந்த அன்று நானும் அங்கே அப்பாவோடு இருந்தேன். அப்பா ரோட்டில் இருந்து அழுதார். நான் அவர் அழுது முதல் தரம் கண்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அடுத்த நாள் ஹோம்வேர்க் செய்தாயா என்று கேட்டார்.

"உன்னை நம்பவில்லை" என்று அவள் நினைக்கிறாள். உங்கள் வீட்டில் வெளிக்கிட்டுப் போன ஆட்கள் திரும்பி வந்ததில்லை, அதுதான் பயம் என்று அவளுக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா? நீங்கள் இங்கே எங்களுக்கு எழுதியதை அவளுக்குச் சொல்லுங்கள். தமிழிலேயே சொல்லுங்கள், விளங்காத சொல்லைக் கேட்பாள்.

---

ஒஸ்லோ வாசி எழுதியது:

இங்கே நோர்வேயில் பத்தொன்பது வயதில் பிள்ளை வீட்டில் இருந்தால்தான் அயலவர் ஏதும் பிரச்சினையா என்று கேட்பார்கள். அரசு படிப்புக்கடனில் ஒரு பங்கை, பாடங்களில் சித்தியடைந்தால், மானியமாக மாற்றிக் கழித்துவிடும். ஆனால் தாய் தகப்பனோடு இருக்கிற பிள்ளைக்கு அந்தச் சலுகை இல்லை. நாடே வெளியே போ என்று கையைப் பிடித்து இழுக்கிறது, நாங்கள் மறுபக்கம் இழுத்து என்ன செய்ய.

மகன் ட்ரொண்டைமுக்குப் போனான். ரயிலில் ஏழு மணி நேரம். மனைவி மூன்று மாதமாக நான்கு பேருக்குத்தான் சமைத்தா, கை அப்படிப் பழகிவிட்டது. மிச்சத்தை நான்தான் வேலைக்குக் கட்டிக்கொண்டு போனேன். அதைப் பார்க்கத்தான் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

ஒன்று மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை. வீட்டில் இருந்தபோது நாங்கள் தமிழில் கேட்டால் அவன் நோர்வே மொழியில் பதில் சொல்வான், பதினெட்டு வருடம் அப்படித்தான். போய் மூன்றாவது கிழமை என் அம்மாவுக்கு, அதாவது தன் அப்பம்மாவுக்கு, ஃபோன் எடுத்துச் சொதி எப்படி வைப்பது என்று கேட்டிருக்கிறான். அப்பம்மாவுக்குத் தமிழைத் தவிர வேறு பாஷை தெரியாது. "தேங்காய்ப்பால் விட்ட பிறகு கொதிக்க விடாதே, திரைஞ்சு போகும், துழாவிக்கொண்டே நில்லு" என்று அவ சொல்ல, அவன் "துழாவுறது எண்டால் என்ன?" என்று கேட்க, அரை மணி நேரம் ஓடியிருக்கிறது. பிறகு கிழமைக்குக் கிழமை. கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, புட்டு. புட்டு மட்டும் அவனுக்கு இன்னும் சரிவரவில்லை, மா குழைக்கிற பதம் ஃபோனில் வராது என்று அம்மா சொன்னா.

---

நீர்வேலியாள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஒரு கிழமை கழித்து எழுதுகிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் போட நேரமில்லை, குறை நினைக்காதீர்கள்.

இவர் இங்கே எல்லாம் வந்து வாசிக்கிற ஆள் இல்லை. அதனால் போன செவ்வாய் இரவு பிள்ளைகள் படுத்த பிறகு சாப்பாட்டு மேசையில் இருந்து உங்கள் பதில்களை நானே வாசித்துக் காட்டினேன். கோ-ஒப் கதைக்கு மட்டும் நிமிர்ந்து, "அப்ப இடையில வீட்ட வருவாளோ?" என்று கேட்டார். மார்க்கம் அப்பாவின் மகன் கதை முடிந்தபோது ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார். சரி, இவ்வளவுதான் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் வேலையால் வந்து, அலுமாரிக்கு மேலே இருக்கிற பாஸ்போட், காணி உறுதி எல்லாம் வைக்கிற ஃபைலை எடுத்தார். அதற்குள் ஒரு கடிதம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிலிருந்து, 1992. மொறட்டுவையில் பொறியியலுக்குத் தெரிவாகி இருக்கிறார். இவர் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) நல்லாகச் செய்தவர் என்று எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாத காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்த கதையும் தெரியும். கடிதம் வந்தது எனக்குத் தெரியாது. கலியாணம் கட்டி இருபத்திரண்டு வருடம். அந்த நேரம் தமிழ்ப் பெடியனைத் தனியக் கொழும்புப் பக்கம் அனுப்புவதா, சுற்றிவளைப்பில் பிடித்தால் யாரைப் போய்க் கேட்பது என்று மாமா, இவருடைய அப்பா, மறித்துவிட்டார். அதே வருடம் இருந்த காணியை விற்றுக் கனடாவுக்கு அனுப்பினார். இங்கே வந்து இறங்கி மூன்றாம் நாள் பக்டரி வேலை, அன்றிலிருந்து இன்றுவரை வேலைதான்.

இதை அவர் எனக்குச் சொல்லவில்லை, மகளைக் கூப்பிட்டு அவளிடம் சொன்னார். நான் அடுப்படியில் நின்று கேட்டேன். அவள் கடிதத்தை வாங்கி, எழுத்துக்கூட்டி மெதுவாக வாசித்தாள். மடிப்பில் தாள் கிழிந்து ஒரு வரி அழிந்துபோய் இருந்தது. "மானியம் எண்டால் என்னப்பா?" என்று கேட்டாள். அவர் விளங்கப்படுத்தினார். "அப்பப்பாவில கோவமா?" என்றாள். இவர் கன நேரம் யோசித்து, "அவர் என்னை உயிரோட வச்சிருக்கப் பாத்தவர்" என்றார். அவ்வளவுதான் கதைத்தார்கள். அன்றைக்கு இரவு அம்மாவும் பேத்தியும் ஒரே கட்டிலில் படுத்து நெடுநேரம் கதைத்துக் கேட்டது. நாவற்குழி என்ற சொல் இரண்டு மூன்று தரம் கதவுக்கு வெளியே கேட்டது. நான் உள்ளே போகவில்லை.

இவர் இன்னும் வாயைத் திறந்து சரி என்று சொல்லவில்லை. ஆனால் சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு நான்கு பேரும் வாட்டர்லூவுக்குப் போய் வந்தோம். கம்பஸைச் சுற்றி நடந்தார், பஸ் நிற்கிற இடம் பார்த்தார், பக்கத்தில் தமிழ்க்கடை இருக்கிறதா என்று விசாரித்தார். ஈரோட்டுத் தம்பி சொன்னது மாதிரி, கூட வேலை செய்கிறவருடைய தங்கை குடும்பம் அங்கே பக்கத்தில் கிச்சினரில் இருக்கிறது என்று கண்டுபிடித்து நம்பரும் வாங்கிவிட்டார். ஞாயிறு ஞாயிறு தான் வந்து கூட்டிக்கொண்டு போவேன் என்று ஒரு நிபந்தனை போட்டார். அவள் மாதத்தில் ஒரு தரம் என்றாள். கதைத்துக் கதைத்து இரண்டில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவளே கொம்ப்யூட்டரில் வாட்டர்லூவுக்குச் சம்மதம் கொடுத்தாள். இவர் பின்னால் நின்று பார்த்தார், மறிக்கவில்லை.

கந்தர்மடத்தான் அண்ணை, அம்மாவுக்கு 76 வயது. நீங்கள் சொன்ன அந்தக் கடைசி வருடத்தை நான் மறக்கவில்லை. அந்த நினைப்பு எனக்குத் தீரவில்லை, தீரும் என்றும் தெரியவில்லை.

இங்கே பிறந்தவள் தங்கச்சி, உங்களை வாசித்த பிறகு நான் எங்கள் வீட்டுக் கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் மேலே பென்சிலால் மகளின் சின்ன எழுத்து, "கட்டியாச்சு", "ஃபோன் பண்ண வேணும்", "அம்மா கையெழுத்து". மின்சாரக் கடிதத்தையும் வங்கிக் கடிதத்தையும் இந்தக் கிழமை நானே இருந்து வாசித்தேன். மெதுவாகத்தான் போகிறது, ஆனால் விளங்குகிறது.

இனி ஒரு சின்னக் கேள்வி. ரெசிடென்ஸ் அறையில் ரைஸ் குக்கர் வைக்க விடுவார்களா? அம்மா கறித்தூள் இடிப்பிக்க மிளகாய் வாங்கச் சொல்லித் துவங்கிவிட்டா.

---

இங்கே பிறந்தவள் எழுதியது:

அன்ரி, சாதாரண அறை என்றால் பெரும்பாலும் விடமாட்டார்கள், புகை அலாரம் அடித்தால் முழுக் கட்டடமும் வெளியே வந்து நிற்க வேண்டும். குசினியோடு சேர்ந்த அப்பார்ட்மென்ட் மாதிரி இருக்கிறதைக் கேட்டுப் போடச் சொல்லுங்கள், விண்ணப்பிக்கும்போதே விருப்ப வரிசை கொடுக்கலாம். எதற்கும் அந்தக் கட்டடத்தின் விதிகளை ஒரு தரம் வாசித்துவிட்டு வாங்குங்கள்.

கறித்தூளை இறுக்கமான மூடி உள்ள போத்தலில் போட்டு, அதற்குமேல் இரண்டு பையில் கட்டுங்கள். உடுப்புப் பெட்டிக்குள் மட்டும் வைக்க வேண்டாம், முதல் வகுப்புக்குப் போகிற சட்டை முழுக்க மணக்கும். வேறாகக் கையில் கொடுத்துவிடுங்கள்.